ஆலயப் பாடலும் தாளப் பெட்டியும்

வானொலியில் வழங்கிய தவக்காலச் சிந்தனையின் எழுத்து வடிவம்



தவக்காலம் ஒப்புரவின் காலம். எனவே நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் கிளைக் கிராமம் ஒன்றுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியும், பாடல்களின் இசை மட்டும் பதிந்த ஒரு பென் டிரைவும் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அந்த ஊரில் ஆர்மோனியம் வாசித்து வந்த உபதேசியாருக்கு விரல் நடுக்கம் வந்துவிட்டது. கீபோர்டு தெரிந்த பையன் ஒருவன் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போய்விட்டான். ஞாயிறு திருப்பலியில் ஏழெட்டுப் பெண்கள் மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டி வந்த முதல் ஞாயிறு, தபேலாவும் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து ஒலித்தபோது அந்தச் சின்ன ஆலயம் ஒரு பேராலயம் ஆனது போல இருந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான். மறைக்க விரும்பவில்லை.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவில் அதே ஆலயத்தில் நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தேன். விழா நாள் என்பதால் வெளியூரில் வேலை செய்பவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வரிசை வாசல் வரை நீண்டது. பென் டிரைவில் இருந்த பாடலோ நான்கு நிமிடம். பாதி வரிசை நிற்கும்போதே அது முழக்கத்தோடு முடிந்துவிட்டது. மக்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அவசரமாக மறுபடியும் முதலிலிருந்து போட்டான். முன்னிசை அரை நிமிடம் ஓடியது. எல்லாரும் சும்மா நின்றார்கள். பல்லவி ஒரு முறை வந்தது, சரணம் தொடங்கியது. அதற்குள் வரிசை முடிந்து நான் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான். ஆனால் கடைசி வரிசையில் உபதேசியார் உதடு அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஊரில் மூன்று தலைமுறைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பூசை முடிந்ததும், "ஐயா, உடம்பு சரியில்லையா? பாடவே இல்லையே" என்று கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல சாமி. பாட்டு என்ன உட்டுட்டுப் போயிடுது. நான் மூச்சு வாங்கறதுக்குள்ள அது அடுத்த அடிக்குப் போயிடுது" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யுது என்பதைப் போலச் சொன்னார். அந்தப் பேச்சுதான் என்னைப் பழைய ஏடுகளைத் திரும்பப் புரட்ட வைத்தது.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பெரியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இன்று ஆலயங்களில் மூன்று வகை இயந்திரத் துணைகள் உள்ளன. முழுப் பாட்டின் இசையும் பதிந்திருப்பதை நம் பிள்ளைகள் "டிராக்" என்கிறார்கள். சில அடிகள் மட்டும் பதிந்து, நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப ஒலிப்பது "லூப்". கீபோர்டிலும் ஆக்டோபேடிலும் பொத்தானை அழுத்தினால் வருவது அதுதான். மூன்றாவது மக்களுக்குக் கேட்காது. வாசிப்பவர் காதில் மட்டும் "டிக், டிக்" என்று கடிகாரம் போல அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு "கிளிக்" என்று பெயர். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. தொடங்கிவிட்டால் யாருக்காகவும் நிற்காது.

நம் திருச்சபை எந்தக் கருவியையும் முதல் நாளே கைநீட்டி வரவேற்றதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் இன்றைய சண்டை அவ்வளவு புதிதல்ல என்று தெரியும். முதல் நூற்றாண்டுகளில் நம் முன்னோர் கருவி இல்லாமலே பாடினார்கள். திருப்பாடல் 150 எக்காளம், யாழ், மத்தளம், குழல், கைத்தாளம் என்று பட்டியலே போட்டாலும், திருச்சபைத் தந்தையர் பலர் கருவிகளைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். காரணம், அன்று அவை ஒலித்தது கேளிக்கை விருந்துகளிலும் அரங்குகளிலும். கி.பி. 386-இல் மிலான் நகரில் அரச படை ஆலயத்தைச் சூழ்ந்தபோது, உள்ளே இரவும் பகலும் விழித்திருந்த மக்கள் துவண்டு போகாமலிருக்கப் புனித அம்புரோசியார் அவர்களைப் பாட வைத்தார். அந்த மக்களுக்குத் தங்கள் குரல்தான் துணை. ஆயரோடு இசைந்த திருச்சபையை நரம்புகள் இசைந்த யாழுக்கு ஒப்பிட்ட அந்தியோக்கியா நகர்ப் புனித இஞ்ஞாசியாரும் மனிதரைத்தான் கருவி என்றார்.

ஆர்கன் மட்டும் எப்படி உள்ளே வந்தது? வேடிக்கை என்னவென்றால், ஆர்கனே ஒரு இயந்திரம்தான். கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக முன்னர், அலெக்சாந்திரியா நகரின் தெசிபியுஸ் என்ற பொறியாளர் தண்ணீரின் அழுத்தத்தால் குழாய்களில் காற்றை ஊதவைக்கும் கருவியைச் செய்தார். உரோமையர் அதைக் கேளிக்கை அரங்குகளில் ஒலிக்க வைத்தார்கள். 757-இல் பைசாந்தியப் பேரரசர், பிராங்க் அரசன் பெப்பினுக்கு ஒரு ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அது அரண்மனைக்கு வந்த அதிசயப் பொருள். பிறகு துறவியர் மடங்களுக்கும் பேராலயங்களுக்கும் மெல்லப் பரவியது. இன்று நாம் கோவில் கருவி என்றாலே ஆர்கன் என்கிறோம். அந்த இடத்துக்கு வர அதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆயின.

அந்த ஆர்கனுக்கும் வாசிப்பவர் கிடைக்காத சிற்றூர்கள் இருந்தன. நம் கிளைக் கிராமங்களின் கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தின் கிராமக் கோவில்களில் உருளை ஆர்கன் என்ற ஒன்றை வைத்தார்கள். ஒரு மர உருளையில் ஊசிகளும் கம்பிகளும் பதித்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழன்று, ஊசிகள் குழாய்களைத் திறந்து, பாட்டு தானே வரும். ஒரு உருளையில் பத்துப் பன்னிரண்டு மெட்டுகள். சுற்றுபவருக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. கை வலிக்காமல் இருந்தால் போதும். சஃபோக் மாவட்டத்தில் ஷெல்லண்ட் என்னும் சிற்றூர்க் கோவிலில் அப்படியொன்று இன்றும் இருக்கிறது. பென் டிரைவின் பாட்டனார் என்று அதைச் சொல்லலாம். பாட்டு முடிந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல், அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்கள் என்ற கேலிக் கதையும் அந்நாட்டில் உண்டு. என் கிறிஸ்துமஸ் திருப்பலியை நினைத்துக்கொண்டேன்.

அதே காலத்தில் அந்த நாட்டுக் கோவில்களின் மேற்கு மாடத்தில் உழவர்களும் கொல்லர்களும் பிடிலும் குழலும் வைத்துக்கொண்டு பாடிய குழுக்கள் இருந்தன. உருளை ஆர்கனும், பிறகு ஆர்மோனியமும் ஆர்கனும் வர வர அந்தக் குழுக்கள் கலைந்தன. தாமஸ் ஹார்டி 1872-இல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். கலைத்தவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? அந்தந்த ஊர்க் குருக்கள். என்னைப் போல நல்லெண்ணம் கொண்டவர்கள்தான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பாரிஸ் நகரில் 1842-இல் தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதிக்கும் பெரிய பெட்டி. மறைபணியாளர்களோடு இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-இல் அதைக் கையால் துருத்தி போடும் சிறு பெட்டியாக மாற்றினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிக்கலாம், தலையில் வைத்து அடுத்த ஊருக்குத் தூக்கிப் போகலாம். நாடகக் கொட்டகை, பஜனை மடம், கோவில் என்று எல்லா இடத்திலும் புகுந்தது. நம் மாவட்டத்தில் சேத்துப்பட்டு தராஸ் அடிகளார் போன்றவர்கள் ஊர் ஊராக நடந்த காலத்தில், குருவானவர் ஒரு சிற்றூருக்கு எப்போதோ ஒரு முறைதான் வர முடியும். மற்ற நாட்களில் செபமும் பாட்டும் உபதேசியார் கையில். பின்னாளில் அந்த உபதேசியாரின் மடிக்கு ஆர்மோனியம் வந்தது.

அந்த ஆர்மோனியத்தையும் இதே வானொலி ஒரு காலத்தில் தள்ளி வைத்தது என்பதை வானொலியிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது! 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அதன் கட்டைகள் நிலையான சுரங்களைக் கொண்டவை; நம் இராகங்களின் கமகமும் நுண்ணிய சுர அசைவும் அதில் வராது என்பது வாதம். இரவீந்திரநாத் தாகூரும் அந்தக் கருவியை விரும்பாதவர். தடை 1971-இல்தான் தளர்ந்தது. முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டிலும் நம் கிராமங்களில் ஆர்மோனியம் கோவில் கருவியாகவே இருந்தது. தடை போட்டவர்கள் சொன்ன குறை பொய்யல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் ஆர்மோனியத்தைக் குறை சொல்ல முடியாது. பாடுகிற பாட்டி மூச்சு வாங்கினால், உபதேசியார் துருத்தியைக் கொஞ்சம் தாமதித்துப் போடுவார். பெட்டி அவரோடு காத்திருக்கும்.

கருவிகளைப் பற்றி உரோமை என்ன சொன்னது? புனித பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22 அன்று, இசையின் பாதுகாவலி புனித செசிலியாவின் விழாவில், திருஇசை பற்றி ஒரு ஆணை வெளியிட்டார். பாடலுக்குத்தான் முதலிடம், ஆர்கன் அதைத் தாங்க வேண்டும், அமுக்கக் கூடாது என்றார். பியானோவையும், முரசு, தாளம் முதலிய ஓசை மிகுந்த கருவிகளையும் ஆலயத்துக்குள் தடை செய்தார். ஐரோப்பாவின் நாடக அரங்குச் சத்தம் பலிபீடம் வரை வந்துவிட்டது என்ற கவலை அது. அங்கே அது நியாயம். இங்கே அந்தச் சொற்களுக்கு வேறொரு கனம் சேர்ந்தது. நம் நாட்டில் முரசு வெறும் ஓசையல்ல. அதன் மேல் சாதி உட்கார்ந்திருந்தது. பறை சாவு வீட்டுக்கு, தீட்டு என்று சொன்னவர்கள் நம் ஆலயத்துக்குள்ளும் இருந்தார்கள். கடல் கடந்து வந்த ஆர்கன் புனிதமானது, அடுத்த தெருப் பறை புனிதமற்றது என்று நம்மால் நினைக்க முடிந்தது. இதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தக் கதவைத் திறந்தது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனுக்கு மரியாதை தந்துவிட்டு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கும் உரிய இடம் தரச் சொன்னது. ஆலயத்துக்குத் தகுதியான பிற கருவிகளையும் அனுமதித்தது. தமிழகத்தில் இலத்தீன் போய்த் தமிழ்த் திருப்பலி வந்தது. திடீரென்று நூற்றுக்கணக்கான தமிழ்ப் பாடல்கள் தேவைப்பட்டன. நமக்கு மரபு இல்லாமலில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1878-இலேயே எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை வெளியிட்டவர். ஆனால் திருப்பலியின் பகுதிகளுக்கேற்ற பாடல்கள் புதிதாகப் பிறக்க வேண்டியிருந்தன. பெங்களூரில் அமலோற்பவதாஸ் அடிகளார் 1967-இல் தொடங்கிய தேசிய நடுநிலையம், நமக்குப் பக்கத்தில் திண்டிவனத்தில் உள்ள தமிழக நடுநிலையம், 1977-இல் திருச்சியில் பிறந்த கலைக்காவிரி ஆகியவை அந்த வேலையைச் சுமந்தன. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு ஐயர் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்றாலும் அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது.

இங்கேதான் இயந்திரத்தின் கதை நம் கதையோடு சேர்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் 1814-இல் தாளம் காட்டும் ஊசல் கருவி ஒன்றைச் செய்தார். மெல்சல் என்பவர் அதைத் தம் பெயரில் 1815-இல் காப்புரிமை செய்துகொண்டார். அதுதான் மெட்ரோனோம். அது மாணவனின் மேசை மேல் இருந்த வரை யாருக்கும் தொல்லை இல்லை. பேசும் படம் வந்தபோது நிலைமை மாறியது. திரையில் கால் தரையில் படும் அதே கணத்தில் முரசு ஒலிக்க வேண்டும். 1920-களின் கடைசியில் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படங்களிலும், 1930-களில் மேக்ஸ் ஸ்டெய்னர் போன்றவர்களின் படங்களிலும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். பிலிம் சுருளின் ஓரத்தில் கணக்குப்படி ஓட்டை போட்டு, அது எழுப்பும் "டிக்" ஓசையை இசைக்கலைஞர் காதில் கேட்க வைத்தார்கள். கிளிக் பிறந்தது அங்கே. மனிதர் காத்திருப்பது படத்துக்காக. படம் மனிதருக்காகக் காத்திருக்காது. அந்த வேலைக்கு அது சரியான கருவி.

1983-இல் மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள "மிடி" என்ற பொது மொழி வந்தது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் முன்பு ஐம்பது அறுபது பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். மெல்ல மெல்ல ஒவ்வொருவராக, கிளிக்கைக் கேட்டுக்கொண்டு, தனித்தனியே பதிவு செய்யும் முறை வந்தது. 1992-இல் ரோஜா படப் பாடல்கள் வந்தபோது நான் குருமடத்தில் இருந்தேன். அந்த ஒலிநாடாவை நாங்கள் கேட்டுத் தேய்த்தது அதிபருக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

நம் பக்திப் பாடல் ஒலிநாடாக்களும் அதே மாதிரியான கூடங்களில்தான் பதிவாயின. சினிமாவின் அமைப்பே நம் பாடலின் அமைப்பும் ஆனது: முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை. முன்பு ஒரு பாட்டு ஆலயத்தில் மக்கள் வாயில் வளர்ந்து பிறகு ஒலிநாடாவுக்குப் போனது. இப்போது கூடத்தில் பிறந்து, நாடாவில் பழகி, அதே மாதிரி ஆலயத்திலும் கேட்க வேண்டும் என்று மக்களே எதிர்பார்க்கிறார்கள். "ஃபாதர், கேசட்ல இருக்கிற மாதிரி இல்லையே" என்று பாடகர் குழுவிடம் குறை சொல்லாத பங்கு உண்டா? டிராக் நம் ஆலயத்துக்குள் வந்த வாசல் அதுதான். பையன்கள் சோம்பேறிகள் என்பதால் வரவில்லை. நம் காது மாறியதால் வந்தது. 2020-இல் ஊரடங்கு வந்து, பாடகர் குழு கூட முடியாமல், கைப்பேசி வழியாகத் திருப்பலி பார்த்த மாதங்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கின.

இயந்திரம் பற்றித் திருச்சபை வாய் திறக்கவே இல்லையா என்று கேட்கலாம். திறந்தது. 1958 செப்டம்பர் 3 அன்று, பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தையின் கடைசி நாட்களில், திருச்சடங்குகள் பேராயம் ஒரு அறிவுரை வெளியிட்டது. திருவழிபாட்டில் மனிதர் நேரடியாக வாசிக்கும் கருவிகள்தாம் வேண்டும். தானாக ஒலிக்கும் ஆர்கன், கிராமபோன், ஒலிப்பதிவுக் கருவி போன்றவை கூடாது. மக்களின் பாடலுக்குத் துணையாகக்கூட வைக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. அதே ஏடு ஒலிபெருக்கியை அனுமதித்தது. ஏன் இந்த வேறுபாடு? ஒலிபெருக்கி, அங்கே நிற்கும் ஒருவரின் உயிர்க்குரலைத் தூரத்தில் இருப்பவருக்குக் கொண்டுபோகிறது. பதிவு, அங்கே இல்லாத ஒருவரை இருப்பது போலக் காட்டுகிறது. 1931-இலேயே வத்திக்கான் வானொலியைத் தொடங்கிய திருச்சபை இது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இயந்திரத்தைக் கண்டு பயந்து எழுதிய விதி அல்ல அது.

சங்கத்துக்குப் பின் கடுமை குறைந்தது. 1967 மார்ச் 5 தேதியிட்ட திருஇசை அறிவுரை, கருவிகளின் ஓசை குரல்களை மூழ்கடிக்கக் கூடாது, வாசிப்பவரும் வழிபாட்டின் உள்ளத்துக்குள் நுழைந்தவராக இருக்க வேண்டும் என்றது. பென் டிரைவ் எப்படி அந்த உள்ளத்துக்குள் நுழையும்? 1973-இல் சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி, ஆயர் பேரவையின் நெறிகளுக்கு உட்பட்டுப் பதிவு இசைக்குச் சிறிது இடம் கொடுத்தது. 2007-இல் அமெரிக்க ஆயர்கள், பொதுவாகப் பதிவு இசை வேண்டாம். வெளியில் போகும் பவனி, சிறுவர் திருப்பலி போன்ற இடங்களில் கவனத்தோடு வைக்கலாம். மக்களின் பாடலுக்கு அது ஒருபோதும் பதிலாகக் கூடாது என்றனர். ஆக, கதவு முழுக்க அடைக்கப்படவில்லை. முழுக்கத் திறக்கப்படவும் இல்லை.

சட்டத்தை விட எனக்கு நம் ஊர் வழக்கமே இதை நன்றாக விளக்குகிறது. திருமண வீட்டில் கெட்டிமேளத்தைப் பார்த்திருப்பீர்கள். தவில்காரர் எதையோ வாசித்துக்கொண்டிருப்பார். கண் மட்டும் மணமேடையில். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் பெரியவர் ஒருவர் விரலை ஆட்டுவார். அந்த நொடியில் மேளம் பொழியும். முடிச்சுப் போடத் தாமதமானால் மேளமும் நீளும். நம் திருவண்ணாமலையில் சுவாமி புறப்பாட்டில் நாதசுரக்காரர்கள் முன்னே போவதையும் பாருங்கள். தோளில் தூக்குபவர்கள் நின்றால் வாசிப்பும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நடந்தால் நடக்கும். நகரின் சின்னக் கோயில்கள் சிலவற்றில் இப்போது மின் மோட்டார் வைத்த முரசும் மணியும் பூசை நேரத்தில் தானே அடிக்கின்றன. முரசு அடித்தவர் வரவில்லை, அல்லது அவருக்குக் கொடுக்கப் பணமில்லை. அவர்கள் சிக்கலும் நம் சிக்கலும் ஒன்றுதான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வழியில்லை.

சங்கீதக்காரர்கள் சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். மின்னணுச் சுருதிப் பெட்டி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெரிய வித்துவான்களின் பக்கத்திலும் அது இருக்கிறது. யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. சுருதி அசையாமல் இருப்பதுதான் அதன் வேலை. பாடுபவர் அதற்குள் எப்படி வேண்டுமானாலும் உலவலாம். லயம் அப்படியல்ல. அது காலம். அதை இயந்திரத்திடம் கொடுத்தால், எப்போது மூச்சு விடுவது, எப்போது நிறுத்துவது என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். புனித பவுல் கொரிந்து நகர் மக்களைக் கடிந்துகொண்டது நினைவிருக்கிறதா? வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு முடிக்க, ஏழைகள் வந்து பசியோடு நின்றார்கள். ஆண்டவரின் விருந்துக்குக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கச் சொன்னார் அவர். அந்த அறிவுரை உணவைப் பற்றியது. ஆனாலும் நற்கருணைப் பாடல் முடிந்துவிட, பாதி வரிசை மௌனமாக நின்ற அன்று எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. எங்கள் பென் டிரைவில் ஒரு காணிக்கைப் பாடலுக்குப் பறை ஒலிக்கிறது, அருமையாக. அதே ஊரில் பறை அடிக்கத் தெரிந்த இரண்டு பேர் நம் பங்கு மக்கள். அவர்கள் ஆலய வாசலில் நின்று அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலைமுறைகளாக உள்ளே விடாத ஒரு கருவியை இப்போது பொத்தானாக உள்ளே விட்டிருக்கிறோம். மனிதர்கள் மட்டும் வெளியே.

பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் தம்பியிடம் இதையெல்லாம் பேசினேன். அவன் சும்மா தலையாட்டவில்லை. "ஃபாதர், டிராக் இல்லன்னா எல்லாரும் இழுத்துடுவாங்க. ஆளுக்கு ஒரு தாளம் போடுவாங்க. நான் ஆக்டோபேட் கத்துக்கிட்டதே கிளிக்கக் கேட்டுத்தான்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காலப்பிரமாணம் ஓடாமல் நிற்பது நம் சங்கீதத்திலும் பெரிய தகுதிதான். கிளிக் அதற்கு நல்ல வாத்தியார். "இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்பதும் உண்மை. யாருமே வாசிக்காத ஆண்டுகளில் அந்தப் பெட்டிதான் பாட்டை உயிரோடு வைத்தது. அவனைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனமில்லை.

தவக்காலத்தில் கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே என்று திருப்பலி நூலின் பொது விதிமுறை சொல்கிறது. அதையே சாக்காக வைத்து, சாம்பல் புதன் முதல் பெட்டியைத் திருப்பண்ட அறையில் வைத்துவிட்டோம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. அப்போது கிளிக் ஓடும். ஞாயிறன்று ஓடாது, தம்பி கையால் மட்டும் வாசிப்பான், கண்ணை மக்கள் மேல் வைத்துக்கொண்டு. பறைக்காரர்கள் இருவரையும் பாஸ்கா திருவிழிப்பின் "உன்னதங்களிலே" பாடலுக்கு அழைத்திருக்கிறேன். ஒருவர் சரி என்றார். மற்றவர், "பாக்கலாம் சாமி" என்றார். அவர் தயங்கக் காரணம் எனக்குத் தெரியும்.

முதல் ஞாயிறு நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. உபதேசியார் பதிலுரைப் பாடலை மிக உயரத்தில் எடுத்துவிட்டார். மேல் சுரம் வந்தபோது ஒருவராலும் எட்ட முடியவில்லை, சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். அவர் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே இறக்கி மறுபடி எடுத்தார். அதுவரை எல்லாரும் சும்மா நின்றோம். பிறகு பாடினோம், கொஞ்சம் இழுவையாகத்தான்.

அவருடைய ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தோம். கட்டைகள் நன்றாக இருக்கின்றன. துருத்தியின் தோலை எலி கடித்துவிட்டது. திருவண்ணாமலையிலோ பக்கத்து ஊர்களிலோ துருத்திக்குத் தோல் மாற்றத் தெரிந்தவர் யாராவது இருந்தால், குருத்து ஞாயிறுக்குள் பங்கு இல்லத்தில் தெரிவியுங்கள்.